தொடர் நீச்சலில் மகளிர்

ஒருவர் தனித்து நின்று ஈட்டும் வெற்றி அவருடைய ஆற்றலைக் காட்டும். நால்வர் கூடி ஈட்டும் வெற்றியோ அவர்களை வளர்த்த நாட்டின் நிலையையும் சேர்த்துக் காட்டும். விளையாட்டுத் துறையில் இவ்வுண்மையைத் தெளிவுற உணர்த்துவது மகளிர் தொடர் நீச்சலின் வரலாறு. அதனைச் சுருக்கமாகக் காண்போம்.

தொடர் நீச்சலின் முறை எளியது. ஓர் அணிக்கு நால்வர். முதல்வர் 100 மீட்டர் தூரம் நீந்திக் குளத்தின் சுவரைத் தொட்ட பின்னரே அடுத்தவர் நீரில் பாய்தல் வேண்டும். அதற்கு முன்னரே அவர் கால் மேடையை விட்டு நீங்குமாயின், அணி முழுவதும் போட்டியினின்று விலக்கப்படும். முந்தினால் நால்வர் உழைப்பும் வீண். பிந்தினாலோ வெற்றி கைநழுவும். நால்வரில் ஒருவர் தளர்ந்தாலும் ஏனைய மூவர் அதனை ஈடு செய்தல் அரிது.

ஒலிம்பிக் பந்தயங்களில் மகளிர் நீச்சல் முதன்முதலாக இடம் பெற்றது 1912-ஆம் ஆண்டில், ஸ்வீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில். அன்று வைக்கப்பட்ட மகளிர் நீச்சற் போட்டிகள் இரண்டே: 100 மீட்டர் தனி நீச்சல் ஒன்று; நால்வர் தொடர் நீச்சல் மற்றொன்று. தனி நீச்சலில் ஆஸ்திரேலிய நங்கையர் ஃபேனி டூராக், மினா வைலி ஆகிய இருவரும் முதலிரண்டு இடங்களைப் பெற்றனர். உலகிலேயே விரைந்து நீந்தும் மகளிர் இருவரும் ஒரே நாட்டினராய் இருந்தும், தொடர் நீச்சலில் அந்நாட்டிற்கு அணியே இல்லை. ஆளுக்கு இருமுறை நீந்தித் தருகிறோம் என்று அவ்விருவரும் கேட்டுக்கொண்டனர். அதற்கு இசைவு கிட்டவில்லை.

நால்வர் ஏன் இல்லை? ஆடவர் இருக்குமிடத்தில் மகளிர் போட்டியில் நீந்தலாகாது என்பது நியூ சௌத் வேல்ஸ் மாநில மகளிர் நீச்சற் சங்கத்தின் விதி. மகளிர் வாக்குரிமைக்காக அயராது பாடுபட்ட ரோஸ் ஸ்காட் அம்மையாரே இவ்விதியைத் தாங்கி நின்றார் என்பது வியப்பிற்குரியது. மக்கள் குரல் எழுந்த பின்னரே விதி தளர்ந்தது, இருவர் கப்பலேறினர். வழி திறப்பதற்கே அத்துணைப் போராட்டம் வேண்டியிருந்த நாட்டில், நால்வரை அனுப்புதல் எங்ஙனம் கைகூடும்?

தொடர் நீச்சலில் கலந்துகொண்ட அணிகள் நான்கே. பிரிட்டன் 5 நிமிடம் 52.8 விநாடியில் வென்றது. அவ்வணியில் இருந்த பெல் மூருக்கு வயது 17. ஜென்னி ஃபிளெச்சர் லெஸ்டர் நகரத்துத் தொழிலாளி. நாள் முழுதும் உழைத்து, வேலை முடிந்த பின்னரே நீந்திப் பழகியவர். அமெரிக்காவோ அவ்வாண்டு நீச்சலுக்கு ஒரு பெண்ணையும் அனுப்பவில்லை. 1920-இல் ஆண்ட்வெர்ப் நகருக்கு அனுப்பியது. மகளிர் நீச்சற் போட்டிகள் மூன்றிலும் முதலிடத்தைப் பெற்று மீண்டது.

ஆஸ்திரேலிய மகளிர் தொடர் நீச்சலில் ஒலிம்பிக் தங்கம் பெற 44 ஆண்டுகள் சென்றன. 1956-இல் தம் சொந்த மண்ணாகிய மெல்போர்னில் டான் ஃபிரேசர், ஃபெயித் லீச், சாண்ட்ரா மார்கன், லொரெய்ன் கிராப் ஆகிய நால்வரும் உலகச் சாதனையுடன் வென்றனர். ஃபிரேசரையும் கிராப்பையும் உலகம் அறிந்திருந்தது. ஆனால் வெற்றிக்கு இன்றியமையாதிருந்தவருள் ஒருவர் சாண்ட்ரா மார்கன் என்னும் 14 வயதுச் சிறுமி. புகழ் பெற்ற இருவர் 1912-இலும் இருந்தனர். அவர்களோடு உடன் நிற்க வேறு இருவர் கிடைத்ததே 1956-இன் சிறப்பு.

அடுத்து நாம் நினைவுகூரத் தக்கது 1976-ஆம் ஆண்டின் மான்ட்ரீயல் ஒலிம்பிக். மகளிர் நீச்சற் போட்டிகள் 13-இல் 11-ஐக் கிழக்கு ஜெர்மனி கைப்பற்றியது. அமெரிக்க வீராங்கனை ஷெர்லி பாபஷாஃப் நான்கு முறை வெள்ளியே பெற்றார். எதிரணியினர் ஊக்க மருந்து உட்கொண்டிருக்கலாம் என்ற தம் ஐயத்தை அவர் வெளியிட்டபோது, தோல்வியைத் தாங்க மாட்டாதவர் என்று பத்திரிகைகள் இகழ்ந்தன. எஞ்சியிருந்தது தொடர் நீச்சல் ஒன்றே. முதலிற் பாய்ந்த கிழக்கு ஜெர்மனியின் கொர்னேலியா எண்டர் முந்தினார். மூன்றாவதாக நீந்திய 15 வயது ஜில் ஸ்டெர்கல் அமெரிக்காவை முன்னிலைக்குக் கொணர்ந்தார். இறுதியாகப் பாபஷாஃப் அதனை விடாது காத்தார். 3 நிமிடம் 44.82 விநாடி, புதிய உலகச் சாதனை. 1990-இல் கிழக்கு ஜெர்மனி என்னும் நாடு மறைந்த பின்னர், இளம் வீராங்கனையர்க்கு அவர்கள் அறியாமலே மருந்து கொடுக்கப்பட்ட செய்தி அரசு ஆவணங்களாலும் வழக்கு மன்றங்களாலும் மெய்ப்பிக்கப்பட்டது. வென்ற அப்பெண்களும் வஞ்சிக்கப்பட்டவர்களே என்பதை நாம் மறத்தலாகாது.

இனி அண்மைக் காலத்திற்கு வருவோம். 1912-இல் நால்வரைச் சேர்க்க இயலாத ஆஸ்திரேலியா 2012, 2016, 2020, 2024 ஆகிய நான்கு ஒலிம்பிக் பந்தயங்களிலும் இத்தொடர் நீச்சலில் தங்கம் வென்றது. 2023-இல் ஃபுக்குவோக்கா நகரில் அந்நாட்டு மகளிர் நிறுவிய உலகச் சாதனை 3 நிமிடம் 27.96 விநாடி. 1912-இன் வெற்றி நேரத்தினும் இஃது ஏறத்தாழ 2 நிமிடம் 25 விநாடி குறைவு. முதற்சுற்றில் சிலரும் இறுதிச் சுற்றில் வேறு சிலரும் நீந்துமளவிற்கு அங்கே வீராங்கனையர் மிகுந்துள்ளனர். முதற்சுற்றில் மட்டும் நீந்தியவர்க்கும் பதக்கம் உண்டு. 2025-இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில் சீனாவின் யூ சிதி என்னும் 12 வயதுச் சிறுமி, 200 மீட்டர் தொடர் நீச்சலின் முதற்சுற்றில் நீந்தி, இவ்வாறே வெண்கலம் பெற்றாள்.

நம் நாட்டின் நிலை என்ன? 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிற்கு இந்தியா அனுப்பிய நீச்சல் மகளிர் இருவர்: ஆரத்தி சாஹா, டாலி நசீர். ஆரத்திக்கு அப்போது வயது 11. 1959-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்து, அவ்வருஞ்செயல் புரிந்த முதல் ஆசியப் பெண்மணி என்னும் புகழை அவர் எய்தினார். 2024-இல் பாரிஸ் நகருக்குச் சென்றவர் பெங்களூரின் தினிதி தேசிங்கு, வயது 14, நீச்சலுக்குச் சென்ற இந்தியப் பெண் அவர் ஒருவரே. 72 ஆண்டுகளில் இருவர் ஒருவராயினர், நால்வராகவில்லை.

நம்மிடம் ஆற்றல் இல்லை என்று எவரும் கூற முடியாது. ஆரத்தியும் தினிதியும் அதற்குச் சான்று. இல்லாதது எண்ணிக்கை. சிறுமியர் நாள்தோறும் சென்று பழகக் குளமும், கற்பிக்க ஆசிரியரும், நீச்சல் உடையில் நிற்கும் மகளைக் கண்டு முகஞ்சுளிக்காத சுற்றமும் இருந்தாலன்றி எண்ணிக்கை பெருகாது. முதலிரண்டும் அரசும் நகராட்சிகளும் செய்ய வேண்டுவன. மூன்றாவது நம் இல்லங்களில் நாமே செய்யத்தக்கது. தில்லியிலோ மும்பையிலோ புணேயிலோ வாழும் நம்மவர் பலர்க்கும் ஒரு நீச்சற்குளம் எட்டும் தூரத்தில் இருக்கக்கூடும். அங்கே மகனை அனுப்பும்போது மகளையும் உடன் அனுப்புவோமாக. என்றேனும் ஒருநாள் நால்வர் தேவைப்படும்போது, நான்காவது பெண் அவ்வில்லங்களில் ஒன்றிலிருந்தே வருதல் வேண்டும்.