தாது வருடப் பஞ்சமும் நிவாரண வேலைகளும்

1876-ஆம் ஆண்டு பருவமழை பொய்த்ததால் சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம் உண்டானது. அது தமிழ் ஆண்டுகளில் தாது வருடம் ஆதலால், மக்கள் இதனைத் தாது வருடப் பஞ்சம் என்றே அழைத்தனர். 1878 வரை நீடித்த இப்பஞ்சத்தில் பிரித்தானியர் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் என மதிப்பிடப்படுகிறது.

பஞ்ச காலத்தில் சந்தையில் தானியமே இல்லாமல் போய்விடவில்லை. அதை வாங்கக் கூலி இல்லை என்பதே ஏழைகளின் முதல் துன்பம். விளைச்சல் இல்லாத வயலில் உழவும் இல்லை, களையெடுப்பும் இல்லை, அறுப்பும் இல்லை. வாங்குவோர் இல்லாமல் நெசவாளரின் தறியும் நின்றது. எனவே சாலை போடுதல், ஏரி தூர் வாருதல், கால்வாய் வெட்டுதல் ஆகிய வேலைகளை அரசு தொடங்கியது. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து 1877-78-இல் வெட்டப்பட்ட ஏறத்தாழ 8 கிலோமீட்டர் கால்வாய் அவற்றுள் ஒன்று. ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. இன்று மயிலாப்பூர் வழியே பறக்கும் ரயிலில் செல்லும் மாணவர்கள் கீழே எட்டிப் பார்த்தால் தெரிவது அந்தக் கால்வாய்தான்.

அந்த வேலைக்கு என்ன கூலி என்பதில்தான் பெரிய வழக்கு எழுந்தது. வைசிராய் லிட்டன், சர் ரிச்சர்டு டெம்பிளைச் சென்னைக்கு அனுப்பினார். இதே டெம்பிள் 1873-74 பீகார் பஞ்சத்தில் பர்மா அரிசியை வரவழைத்துப் பலரைக் காத்தவர். அதற்காகவே அதிகம் செலவழித்தார் என்று பழிக்கப்பட்டவர். சென்னையில் அவர் வேறு ஆளாக நடந்துகொண்டார். நாள் முழுதும் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் (சுமார் 450 கிராம்) சிறிது காசும் போதும் என்று 1877 தொடக்கத்தில் நிர்ணயித்தார். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதனினும் குறைவு. மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை விடாமல் எதிர்த்தார். ஒன்றரைப் பவுண்டு தானியமும், அதனுடன் பருப்பும் காய்கறியும் இல்லாமல் உழைக்கும் உடம்பு தாங்காது என்பது அவர் வாதம். அதே ஆண்டு மார்ச்சில் மாகாண அரசு ஒன்றேகால் பவுண்டாக உயர்த்திக் கொஞ்சம் பருப்பும் சேர்த்தது. கார்னிஷ் கேட்டதில் பாதி வழிதான் அது!

அக்கால நிவாரண விதிகளில் தொலைவுச் சோதனை என்றும் ஒன்று உண்டு. வீட்டிலிருந்து பத்து மைலுக்குள் வேலை தரக்கூடாது என்பது அதன் பொருள். உண்மையிலேயே வழியற்றவன்தான் அவ்வளவு தூரம் வருவான் என்று கணக்கிட்டார்கள். பசித்தவனுக்கு நடக்கத் தெம்பு வேண்டும் என்பதை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.

பலர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றனர். 1877-இல் மழை திரும்பியபோது ஊரில் எஞ்சியவர்களுக்கு வேறொரு சிக்கல். நிலம் இருந்தது, மாடுகள் மடிந்திருந்தன, விதைநெல் தின்று தீர்ந்திருந்தது. லண்டன் நகர மேயர் திரட்டிய நிதியிலிருந்து உழவர்களுக்கு விதைக்கும் மாட்டுக்கும் வீடு கட்டவும் பணம் தரப்பட்டது. என் கருத்தில், மண் வெட்டும் கூலியைவிட மீட்சிக்கு உதவியது இதுவே. தன் வயலில் தானே மீண்டும் வேலை செய்ய அது வழிவிட்டது.

1880-இல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது. அதன் பின் பஞ்சச் சட்டத் தொகுப்புகள் உருவாயின. நிவாரண வேலை தருவது அரசின் பொறுப்பு என்பது விதியாக எழுதப்பட்டது. 2005-இல் நாடாளுமன்றம் இயற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டம், அதாவது மக்கள் சொல்லும் நூறு நாள் வேலை, தொலைவு விதியைத் தலைகீழாக்கியது: ஐந்து கிலோமீட்டருக்குள் வேலை தர வேண்டும், அதற்கு அப்பால் என்றால் பத்து விழுக்காடு கூடுதல் கூலி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதும் அதில் இருந்தது.