கவிழ்ந்த கொப்பரை

கல்யாண வீட்டில் தவசிப்பிள்ளை கோபித்துக்கொண்டு கரண்டியைக் கீழே போட்டுவிட்டால் என்ன பாடு என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். பெண்ணைப் பெற்றவர் மேல்துண்டு நழுவ ஓடி வருவார். துருக்கியில் அப்படிக் கதிகலங்க வேண்டியவர் சுல்தானாகவே இருந்தார். அங்கே கோபித்துக்கொண்டவர்கள் சமையல்காரர்கள் அல்ல, சிப்பாய்கள்.

பானைக்கும் ராஜ்யத்துக்கும் உள்ள சம்பந்தம் வெகு பழசு. கி.மு. 606-இல் சீனாவில் சூ நாட்டு அரசன், சௌ அரசர்களின் ஒன்பது வெண்கலப் பாத்திரங்களும் என்ன எடை இருக்கும் என்று விசாரித்தான். விசாரித்ததோடு சரி, ஆனாலும் சிம்மாசனத்துக்கே ஆசைப்படுகிறான் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

துருக்கிக் கதை இதைவிட உக்கிரமானது. ஜானிஸாரிப் படை பதினான்காம் நூற்றாண்டில் தோன்றியது. பால்கன் பிரதேசத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து சிறுவர்களைப் பிடித்து வந்து, மதம் மாற்றி, பயிற்சி கொடுத்துச் சேர்த்த பட்டாளம் அது. பெற்றவளை விட்டுப் பிரிந்த பிள்ளைகளுக்கு, சோறு போட்ட செப்புக் கொப்பரைதானே வீடு? பதவிப் பெயர்கள்கூட அடுப்பங்கரையிலிருந்துதான் வந்தன. பிரிவுத் தலைவனுக்குச் 'சோர்பாஜி' என்று பெயர்; சூப்புக்காரன் என்று அர்த்தம். தொப்பியின் முன்புறத்தில் கரண்டி செருக ஓர் இடம் உண்டு. போரில் கொப்பரையைப் பறிகொடுத்த பிரிவுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

ஒருவன் சோற்றைத் தின்கிற வரையில்தான் அவனுக்குக் கட்டுப்பாடு. ஆகவே, அரண்மனையில் வைத்த சூப்பைச் சிப்பாய்கள் தொடாமல் இருந்தால் மந்திரிகள் நடுங்குவார்கள். கொப்பரையைத் தூக்கி வந்து கவிழ்த்துவிட்டாலோ, கலகம்! 1622-இல் படையைச் சீர்திருத்த நினைத்த இரண்டாம் உஸ்மானை இவர்கள் சிறைப்பிடித்தார்கள். கொல்லப்பட்டபோது அவனுக்கு வயது பதினேழு. 1807-இல் இன்னொரு கலகம் மூன்றாம் சலீமைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கியது.

1826 ஜூன் 15-ஆம் தேதி, இஸ்தான்புல்லின் இறைச்சி மைதானத்துக்குக் கொப்பரைகள் கடைசி முறையாக வந்தன. இந்தத் தடவை சுல்தான் இரண்டாம் மஹ்மூத் தயாராக இருந்தான். நபிகள் நாயகத்தின் கொடியை வெளியே எடுத்து ஜனங்களைத் தன் பக்கம் திரட்டினான். பீரங்கிகள் முழங்கின, பட்டாள விடுதி தீப்பற்றி எரிந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். படையே கலைக்கப்பட்டது. கலகக்காரர்கள்தான் என்றாலும், உள்ளே சிக்கிக்கொண்டு வெந்தவர்களை நினைத்தால் மனசு ஆறவில்லை.

இந்த மஹ்மூத் பிழைத்திருந்ததே ஓர் அதிசயம். 1808-இல் சலீமை மீண்டும் அரசனாக்க ஒரு சேனை வந்தபோது, அப்போதைய சுல்தான் சலீமையும் மஹ்மூதையும் கொன்றுவிட உத்தரவிட்டான். மஹ்மூதின் பெரியப்பா மகனான சலீமின் கதை முடிந்தது. கொலைகாரர்கள் மஹ்மூதைத் தேடி வந்தபோது, ஜெவ்ரி என்ற அடிமைப் பெண் சூடான சாம்பலை வாரி அவர்கள் முகத்தில் கொட்டினாளாம். அந்தச் சந்தில் அவன் கூரை வழியே தப்பினான். நான் நாவலில் இப்படி எழுதியிருந்தால், சௌகரியத்துக்காகச் சாம்பலைக் கொண்டுவந்தேன் என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள். ஆனால் 1819-இல் மஹ்மூத் அவள் பெயரால் ஒரு பள்ளிக்கூடம் கட்டினான். அந்தக் கட்டிடம் இஸ்தான்புல்லில் இன்னும் நிற்கிறது.