உங்கள் காருக்குள் இணையம் வழியாக யாராவது நுழைய முடியுமா?

காரில் ஏறுகிறீர்கள். கைத்தொலைபேசி தானாகவே காருடன் இணைகிறது. திரையில் வரைபடம் தெரிகிறது. வசதிதான்!

ஆனால் அதே தொடர்பு வழியாக வேறு யாராவது உள்ளே வந்தால்?

"என் காரை யாரு ஹேக் பண்ணப் போறா?" என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

இதுவரை நடந்திருக்கிறதா?

அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டு சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் எனும் இரண்டு ஆய்வாளர்கள் அதைச் செய்துகாட்டினார்கள்.

நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி காரை வீட்டில் மடிக்கணினியுடன் உட்கார்ந்தபடியே கட்டுப்படுத்தினார்கள். ஓட்டியவர் முன்கூட்டியே சம்மதித்திருந்த செய்தியாளர். அவர் ஆக்சிலரேட்டரை அழுத்தியும் வேகம் கூடவில்லை.

அதையடுத்து ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் சுமார் 1.4 மில்லியன் வாகனங்களை மீட்டுக்கொண்டது.

பாட்டுக் கேட்கும் திரைக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?

காருக்குள் பல சிறு கணினிகள் இருக்கின்றன. என்ஜினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று. அவை 'கேன்' எனும் உள்கட்டமைப்பு வழியாகப் பேசிக்கொள்கின்றன.

1980களில் உருவான அந்த முறை, தகவலை அனுப்பியது யார் என்று சரிபார்ப்பதில்லை. அப்போது கார் வெளியுலகத்தோடு பேசவில்லை. அதனால் பிரச்சினை இல்லை. இப்போது பேசுகிறது!

ஜீப் காரில் கைத்தொலைபேசிக் கட்டமைப்பு வழியாகத் திரைக்குள் நுழைந்தவர்கள், அங்கிருந்து உள்ளே போனார்கள்.

தயாரிப்பாளர்கள் என்ன செய்யவேண்டும்?

எல்லா ஆபத்தையும் ஒழிக்க முடியாது. ஆகவே ஒவ்வொன்றையும் எடைபோடுகிறார்கள். தாக்குதல் எவ்வளவு சுலபம்? நடந்தால் உயிருக்கு ஆபத்தா, பண இழப்பா, தனிப்பட்ட விவரம் கசியுமா?

பெரிய ஆபத்துகளுக்கு முதலில் தடை போடப்படும்:

- திரைக்கும் பிரேக்குக்கும் நடுவே தடுப்பு
- கார்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் தகவல்களுக்கு மின்னிலக்கக் கையொப்பம்
- கையொப்பம் சரியாக இருந்தால் மட்டுமே புதிய மென்பொருளுக்கு அனுமதி

ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் ஆர்155 விதிமுறை இதைக் கட்டாயமாக்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் அது பொருந்தும். சிங்கப்பூரில் 2019இல் வெளியான ஓட்டுநரில்லா வாகன வழிகாட்டி 'டிஆர் 68'இலும் இணையப் பாதுகாப்புக்குத் தனிப் பகுதி உண்டு.

கார் வாங்கியதோடு முடிந்துவிட்டதா?

இல்லை! இன்று பாதுகாப்பாக இருக்கும் மென்பொருளில் 5 ஆண்டு கழித்து ஓட்டை தெரியவரலாம்.

ஜீப் உரிமையாளர்கள் பலருக்கு யுஎஸ்பி கருவியைத் தபாலில் அனுப்பித்தான் ஓட்டையை அடைக்கவேண்டியிருந்தது. இன்று பல கார்கள் இணையம் வழியாகவே தங்களைப் புதுப்பித்துக்கொள்கின்றன.

சிஓஇ சான்றிதழ் 10 ஆண்டுக்குச் செல்லும். அதுவரை மென்பொருளும் புதுப்பிக்கப்படுமா? வாங்கும் முன் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

- புதுப்பிப்பு வந்தால் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.
- கார் செயலிக்குத் தனி மறைச்சொல் வையுங்கள். ஈரடுக்குச் சரிபார்ப்பு இருந்தால் பயன்படுத்துங்கள்.
- ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சோதனைத் துளையில் யாரோ கொடுத்த கருவியைச் செருகாதீர்கள்.
- காரை விற்கும்போதும் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போதும் தொலைபேசி எண்கள், வீட்டு முகவரி, சென்ற இடங்கள் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்.
- வாங்கும்போது விற்பனையாளரிடம் "எத்தனை வருஷத்துக்கு அப்டேட் கிடைக்கும்?" என்று கேளுங்கள்.

டயரைப் பார்க்கிறோம், எண்ணெய் மாற்றுகிறோம். இனி மென்பொருளையும் அதேபோல் கவனிக்கவேண்டியதுதான்.