மருத்துவர் வரைந்த மருத்துவர்கள்: ஷார்கோவை முன்வைத்து ஓர் ஆய்வு

1. எல்லை

மருத்துவத்தைக் கேலிச்சித்திரமாக்கியவர்களில் பலர் வெளியாட்கள். ஜேம்ஸ் கில்ரே 1802இல் வரைந்த படத்தில், பசு அம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களின் உடலிலிருந்து பசுக்கள் முளைக்கின்றன. அது ஊராரின் அச்சம். நம் கெடாவின் அலோர் ஸ்டாரில் மருத்துவம் பார்த்த மகாதீரைக் கேலிச்சித்திரக்காரர் லாட் ஓயாமல் வரைந்தார்; அவர் வரைந்தது அரசியல் தலைவரை. மருத்துவரே சக மருத்துவரை வரைவது வேறு வகை. இக்கட்டுரை அதைப் பற்றியது.

2. ஷார்கோவின் கண்

பாரிஸில் வண்டி செய்யும் தொழிலாளி ஒருவரின் மகன் ழான் மார்த்தென் ஷார்கோ (1825–1893). ஓவியராவதா மருத்துவராவதா என்ற தயக்கம் இளமையில் அவருக்கு இருந்தது. 1862 முதல் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றி நரம்பியலுக்கு அடித்தளமிட்டார். ஆனாலும் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. சக பேராசிரியர்களைக் கேலிச்சித்திரங்களாகத் தீட்டினார். தன்னையும் கிளியாக வரைந்துகொண்டார். அவர் மறைந்தபின் மாணவர் ஆன்ரி மேழ் 1898இல் ஆசிரியரின் ஓவியத் திறன் குறித்துத் தனிக் கட்டுரையே எழுதினார்.

இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. எக்ஸ்ரே 1895இல்தான் வந்தது. அதற்கு முன் நரம்பு மருத்துவரின் முதன்மைக் கருவி கண்தான். ஷார்கோ நோயாளியை எதிரே அமர்த்தி, பேசாமல் நெடுநேரம் பார்ப்பார். கை சும்மா இருக்கையில் நடுங்கினால் பார்க்கின்சன் நோய். ஒன்றை எடுக்கப் போகையில் நடுக்கம் மிகுந்தால் வேறு நோய் என்று பிரித்தறிந்தார். ஓர் ஆளை இன்னோர் ஆளிடமிருந்து பிரிக்கும் ஒரே கூறைத் தேடிப் பிடிப்பதுதான் கேலிச்சித்திரக்காரரின் வேலையும். பேராசிரியரின் மூக்கிலும் நடையிலும் அவர் செய்தது அந்தப் பயிற்சியே.

3. திருப்பி வரைய முடியாதவர்

இங்கே ஒரு வரம்பு உண்டு. வரையப்பட்ட பேராசிரியர் சினந்து பேசலாம், பதிலுக்கு ஷார்கோவையே வரையலாம். நோயாளிக்கு அந்த வாய்ப்பில்லை. 1887இல் ஓவியர் புரூய்யே தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில், ஷார்கோவின் வகுப்பறை நிறைய ஆண்கள் அமர்ந்திருக்க, தளர்ந்து சாயும் நோயாளிப் பெண் காட்சிப்பொருளாகிறார். ஆகவே மிகைப்படுத்தல் சமமானவர்களுக்குள் நிற்கும்வரைதான் நியாயம். அறுவை மருத்துவராக இருந்து ஓவிய ஆசிரியரான ஹென்றி டாங்க்ஸ் இதற்கு நல்ல சான்று. நண்பர்களைத் தயங்காமல் கேலிச்சித்திரமாக்கிய அவர், 1916இல் ஆல்டர்ஷாட்டில் முகம் சிதைந்த போர்வீரர்களை வண்ணக்கோல்களால் வரைந்தபோது எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

கூலிம், லூனாஸ், பாடாங் செராய் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இந்த மேல்-கீழ் புதிதல்ல. எப்போதாவது வந்துபோகும் டாக்டர், அன்றாடம் ஆஸ்பத்திரியை நடத்தும் டிரெசர், வரிசையில் நிற்கும் பால்மரத் தொழிலாளி. படம் யார் கையில் இருக்கும் என்பதை அந்த வரிசையே தீர்மானித்தது.

4. சேகரிப்பு

யேல் பல்கலைக்கழக மனநல மருத்துவர் கிளெமென்ட்ஸ் பிரை, மருத்துவம் சார்ந்த அச்சுப்படங்களையும் வரைபடங்களையும் திரட்டினார். அவை 1955இல் அப்பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்தன. கேலிச்சித்திரங்கள் அவற்றில் ஏராளம். அலுவல் முறை உருவப்படங்கள் மறைக்கும் சலிப்பு, செருக்கு, தொழிற்பொறாமை எல்லாம் இவற்றில் பதிவாகியுள்ளன. நம் பகுதி மருத்துவமனைகளின் பிரியாவிடை மலர்களிலும் பழைய டிரெசர்களின் குறிப்பேட்டு ஓரங்களிலும் இத்தகைய கோடுகள் இருந்தால், வீடு மாற்றும்போது பழைய தாளோடு போய்விடாமல் குடும்பத்தார் எடுத்துவைக்க வேண்டும். யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று பின்புறம் எழுதிவைக்க வேண்டும்.