பயோட்டிக்

பயோட்டிக் என்பது வெப்பமண்டல மழைக்காட்டு மரங்களை இனங்காண உதவும் கணினிவழித் தகவல் தளம் ஆகும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரான்சின் சிராட் ஆய்வு மையம், லாவோசு தேசியப் பல்கலைக்கழகம், நெதர்லாந்து நிறுவனங்கள் ஆகியன ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் 2000களில் இத்திட்டத்தில் இணைந்து பணியாற்றின. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளும் லாவோசின் அன்னமைட் மலைத்தொடர்க் காடுகளும் இதன் களங்களாகும். இது இறுவட்டாகவும் இணையத்தளமாகவும் வெளியிடப்பட்டது.

பின்னணி

பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவிடம் கையளிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1955 இல், பிரெஞ்சு நிறுவனம் தொடங்கப்பட்டது. இந்தியவியலுடன் தாவரச் சூழலியலும் இதன் ஆய்வுத்துறை ஆனது. களப்பணிகளில் திரட்டப்பட்ட மாதிரிகள் இங்குள்ள உலர்தாவரகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

தாவர நூல்கள் பெரும்பாலும் பூ, காய் ஆகியவற்றைக் கொண்டே இனங்களைப் பிரிக்கின்றன. உயர்ந்த காட்டு மரங்களில் பூ எட்டாத உயரத்தில் இருக்கும். பல மாதங்கள் பூவே இராது. ஆகவே இலை, பட்டை, மரப்பால் போன்ற பண்புகளைக் கொண்டு இனங்காணும் கையேடு ஒன்றை ழான் பியர் பாஸ்கல், பி. ஆர். ரமேஷ் ஆகியோர் 1987 இல் வெளியிட்டனர். பயோட்டிக் இப்பணியின் கணினித் தொடர்ச்சி எனலாம்.

செயற்படும் முறை

வழமையான இருகிளைத் திறவுகோலில் வினாக்களுக்கு வரிசையாக விடையளிக்க வேண்டும். ஒரு விடை தவறினாலும் அதன்பின் வரும் பாதை முழுவதும் தவறாகிவிடும். பயோட்டிக்கில் பயன்படும் இடாவோ மென்பொருள் வேறுவகையில் இயங்குகிறது:

* பண்புகள் கலைச்சொற்களாக அன்றிப் படங்களாகக் காட்டப்படும்.
* பயனர் தம் கையில் உள்ள பண்பை எந்த வரிசையிலும் தெரிவு செய்யலாம்.
* ஒவ்வொரு தெரிவின் பின்னும் இனங்கள் ஒப்புமை விழுக்காட்டின்படி வரிசைப்படுத்தப்படும். ஒரு பண்பு தவறினாலும் சரியான இனம் பட்டியலிலிருந்து நீங்குவதில்லை.

எடுத்துக்காட்டாக, எதிரிலை அமைப்பும் மஞ்சள் நிற மரப்பாலும் சேர்ந்தால் குடம்புளியின் பேரினம் முன்னிற்கும். இலையின் அடிப்புறம் செதில்களால் பளபளத்தால் வெடிப்பலா முன்னிற்கும். வெடிப்பலா சிங்கவால் குரங்கின் முதன்மை உணவு மரங்களுள் ஒன்று. இதன் பெயர் பிழையானால் அவ்விலங்கின் வாழிடக் கணக்கும் பிழையாகும்.

வரையறைகள்

தரவுத்தளத்தில் இல்லாத மரத்துக்கும் மென்பொருள் "நெருங்கிய" இனம் ஒன்றைக் காட்டவே செய்யும். எனவே பெறப்பட்ட பெயரை உலர்தாவரக மாதிரியுடன் ஒப்பிட்டு உறுதி செய்தல் வேண்டும்.

தொடர்புடைய முயற்சிகள்

2008 இல் தொடங்கப்பட்ட இந்தியப் பல்லுயிர்த் தளத்திலும் பிரெஞ்சு நிறுவனம் பங்கேற்றது. அத்தளத்தில் பொதுமக்களும் தாம் கண்ட உயிரினங்களைப் பதிவு செய்யலாம். உள்ளடக்கம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வழங்கப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

* உலர்தாவரகம்
* மேற்குத் தொடர்ச்சி மலை
* வகைப்பாட்டியல்