ஜெராக்ஸ் கடை மீது ஒரு வழக்கு

எங்கள் மாலை நேரப் படிப்பு வட்டத்துக்கு வரும் மாணவர்கள் ஜெராக்ஸ் பக்கங்களைச் சற்றுக் கூச்சத்தோடுதான் பையிலிருந்து எடுப்பார்கள். "புத்தகம் வாங்க காசு இல்லக்கா, இது திருட்டுதானே?" என்று கேட்டவர்களும் உண்டு. வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு, ஓர் ஆய்வு நூலின் விலை அப்பா அம்மாவின் பல நாள் கூலி. அந்தக் கூச்சம் தேவையில்லை என்று சொல்லும் ஒரு வரலாறு நம்மிடம் இருக்கிறது.

டெல்லி பல்கலைக்கழகத்தின் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் ராமேஸ்வரி என்றொரு ஜெராக்ஸ் கடை, பல்கலைக்கழகத்தின் அனுமதியோடு நடந்துவந்தது. பாடத்திட்டத்தில் ஆசிரியர்கள் குறித்த பகுதிகளைப் பல நூல்களிலிருந்து நகலெடுத்து, ஒரே கட்டாகக் கட்டி, பக்கத்துக்கு ஒரு ரூபாய்க்கும் குறைவான விலையில் கொடுப்பார்கள்.

2012 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் அந்தக் கடை மீதும் பல்கலைக்கழகம் மீதும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. கேட்ட நஷ்டஈடு 60 லட்சம் ரூபாய். இந்தக் கட்டுகள் பாடப்புத்தகம் போலவே விற்கப்படுகின்றன, பல்கலைக்கழகம் பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அக்டோபரில் இடைக்காலத் தடை வந்தது.

அப்போது மாணவர்கள் கைகட்டி நிற்கவில்லை. சங்கம் அமைத்து, தங்களையும் வழக்கில் சேர்க்கச் சொல்லி மனு போட்டார்கள். ஆசிரியர்கள் தனியாக ஓர் அமைப்பாகத் திரண்டு வந்தார்கள். வழக்கில் குறிப்பிடப்பட்ட நூல்களை எழுதியவர்களில் பலரே பதிப்பகங்களுக்கு எதிராகக் கையெழுத்திட்டார்கள். இந்தக் கட்டுகளை முடக்கச் சட்டத்தின் முழு வலிமையையும் பயன்படுத்த வேண்டாம் என்று அமர்த்தியா சென்னும் எழுதினார். யாருடைய உரிமையைக் காப்பதாகச் சொன்னார்களோ, அவர்களே எதிர்ப்பக்கம் வந்து நின்றார்கள்.

சட்டத்தில் பதில் ஏற்கெனவே இருந்தது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, எவையெல்லாம் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று பட்டியலிடுகிறது. கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுப்பதும் அதில் ஒன்று. "கற்பித்தல்" என்றால் வகுப்பறையின் நான்கு சுவர் மட்டுமா, பாடத்திட்டம் போடுவதிலிருந்து தேர்வு வரைக்குமா என்பதுதான் கேள்வி.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை இயற்கையாகவோ தெய்வீகமாகவோ வந்த உரிமை அல்ல, சட்டம் கொடுத்தது என்பது தீர்ப்பின் மையம். நூலகத்தில் உட்கார்ந்து கையால் எழுதிக்கொள்வது குற்றமில்லை என்றால், அதையே இயந்திரம் செய்வதும் குற்றமாகாது என்றார்.

பதிப்பகங்கள் மேல்முறையீடு செய்தன. டிசம்பர் 9 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்ட நிலைப்பாட்டை உறுதி செய்தது. எத்தனை பக்கம் என்ற கணக்கு அளவுகோல் இல்லை, கற்பிக்கும் நோக்கத்துக்குத் தேவையான அளவா என்பதே அளவுகோல் என்றது. இந்தக் கட்டுகளில் இருந்தவை அப்படித் தேவையானவைதானா என்பதை விசாரிக்கும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது. அந்த விசாரணை முடியவே இல்லை. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. உரிமம் வழங்கும் அமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த மனுவும் மே மாதம் தள்ளுபடியானது.

இதை வைத்து எந்தப் புத்தகத்தையும் அச்சடித்துச் சந்தையில் விற்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சட்டம் காப்பது கற்றலை, வணிகத்தை அல்ல.

தோழர்களே, அந்தப் பிரிவு 1957 முதல் புத்தகத்தில் இருந்த சட்டம். ஆனாலும் நான்கு ஆண்டுகள் கடைக்குத் தடை இருந்தது. சட்டத்தில் எழுதியிருப்பது தானாக நம் கைக்கு வருவதில்லை, வழக்கில் நாமும் ஒரு தரப்பாகப் போய் நின்றால்தான் வருகிறது. அந்த மாணவர்கள் அப்படிப் போய் நின்றார்கள். அடுத்த முறை ஜெராக்ஸ் கட்டைப் பையிலிருந்து எடுக்கும்போது தயங்காமல் எடுங்கள்.