கம்பில் இரும்பைக் கூட்டினால் சேரியின் சோகை தீருமா?

பயிர் விளையும்போதே தானியத்தில் இரும்பு, துத்தநாகம், வைட்டமின் ஏ போன்ற நுண்சத்துகள் கூடுதலாகச் சேரும்படி இரகங்களை உருவாக்குவதற்கு உயிரிச் செறிவூட்டல் என்று பெயர். நியாய விலைக் கடைகளில் வழங்கப்படும் செறிவூட்டப்பட்ட அரிசியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது ஆலையில் உருவாவது. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவில் பிழிந்த மணிகளைச் சாதாரண அரிசியில் நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலக்கிறார்கள். அந்த மணிகளை ஒவ்வொரு முறையும் ஆலையிடமே வாங்கியாக வேண்டும். உயிரிச் செறிவூட்டலிலோ பயிரே மண்ணிலிருந்து சத்தை எடுத்துத் தானியத்தில் சேர்க்கிறது. இவ்வேறுபாடு அறிவியல் சார்ந்தது மட்டுமன்று. சத்து யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கும் இரத்தச்சோகை இருக்கிறது. தமிழ்நாட்டில் பெண்களின் விகிதம் 53.4. பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களிடம் இது தேசிய சராசரியைவிட மிகுதி. ஆகவே இப்பயிர்களைப் பற்றிய விவாதம் முதலில் நம்முடைய விவாதம்.

சத்து குறைந்ததற்கு விதைகளும் ஒரு காரணம். 1960களின் நெல் இரகங்களில் கிலோவுக்கு ஏறத்தாழ 27 மில்லிகிராமாக இருந்த துத்தநாகம், 2000த்துக்குப் பிந்தைய இரகங்களில் 21 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியதை இந்திய ஆய்வாளர்கள் 2021இல் பதிவு செய்தனர். இரும்பும் அவ்வாறே குறைந்தது. பசுமைப் புரட்சி விளைச்சலை மட்டுமே குறியாகக் கொண்டதன் விலை இது. ரேஷன் அரிசியையே பெரிதும் நம்பி வாழும் குடும்பம் இவ்விலையை அதிகமாகச் செலுத்துகிறது.

உலக அளவில் இம்முயற்சி 2003இல் ஹார்வெஸ்ட்பிளஸ் திட்டத்தின் மூலம் வேகம் பெற்றது. மொசாம்பிக், உகாண்டா நாடுகளில் ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு குழந்தைகளின் வைட்டமின் ஏ நிலையை உயர்த்தியது. அப்பணிக்கு 2016ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசும் கிடைத்தது. மரபணு மாற்றத்தால் உருவான பொன்னரிசியின் கதை வேறு. பிலிப்பைன்ஸ் 2021இல் அளித்த அனுமதியை 2024இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. மரபணு மாற்றத்துக்கான எதிர்ப்பை எல்லாச் செறிவூட்டல் பயிர்கள் மீதும் ஏற்றுவது பிழை என்றே கருதுகிறோம். கீழே குறிப்பிடும் கம்பு மரபான தெரிவு முறையில் உருவானது.

அதன் பெயர் தனசக்தி. ஹைதராபாத்துக்கு அருகிலுள்ள இக்ரிசாட் நிறுவனம், மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டு உழவர்கள் காத்துவந்த கம்பிலிருந்து பிறந்த ஓர் இரகத்துக்குள்ளேயே இரும்பு மிகுந்த செடிகளைத் தெரிவு செய்து இதை உருவாக்கியது. 2012இல் மகாராஷ்டிரத்தில் வெளியிடப்பட்ட இதில் கிலோவுக்கு 71 மில்லிகிராம் இரும்பு உண்டு. மகாராஷ்டிரத்தில் 12 முதல் 16 வயது மாணவர்களுக்கு இரும்பு மிகுந்த கம்பு உணவு வழங்கி நடத்திய ஆய்வில் அவர்களது உடலின் இரும்புச் சேமிப்பு உயர்ந்தது. 2018 முதல் இந்தியாவில் வெளியிடப்படும் புதிய கம்பு இரகங்களில் இரும்பு குறைந்தது 42, துத்தநாகம் 32 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. வேறு எந்த நாடும் செய்யாததைச் செய்துவிட்டதாக இதைப் பெருமை பேசுவோர் உண்டு. நமக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: தனசக்தி வீரிய ஒட்டு இரகம் அன்று. அறுவடையில் விதையை எடுத்துவைத்து அடுத்த பருவத்தில் விதைக்கலாம். ஒட்டு இரகங்களில் அது இயலாது; ஆண்டுதோறும் கடையில் வாங்க வேண்டும். நுண்சத்து மிகுந்த இரகங்களும் ஒட்டு வடிவிலேயே பெருகுமானால், கூலிக் குடும்பத்துக்கு அவை எட்டாது.

இனி, அறிவியல் மாநாடுகளில் பேசப்படாத பகுதிக்கு வருவோம். தானிய இரும்பில் ஒரு சிறு பங்கையே குடல் உறிஞ்சுகிறது. தானியத்திலுள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் அதைத் தடுக்கிறது. இறைச்சியின் இரும்போ எளிதில் உடலில் சேர்கிறது. உடன் உண்ணும் தானியத்தின் இரும்பையும் உறிஞ்சச் செய்கிறது. மாட்டிறைச்சி, ஈரல், இரத்தப் பொரியல், கருவாடு, நத்தை ஆகியவை சேரியின் சமையலறை பல தலைமுறைகளாகக் காத்துவந்த இரும்புக் களஞ்சியம். இந்த உணவைத் தீட்டு என்று இழிவுபடுத்தியது சாதிச் சமூகம். பல மாநிலங்களின் பசுவதைத் தடைச் சட்டங்கள் அதன் ஒரு பகுதியைக் குற்றமாக்கின. பள்ளி மதிய உணவில் முட்டை சேர்க்கக் கர்நாடகத்தில் மடாதிபதிகள் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஒரு கையால் இரும்பைப் பறித்துவிட்டு மறு கையால் கம்பில் இரும்பைக் கூட்டித் தருவதைக் கொடை என்று ஏற்க நாம் ஆயத்தமாக இல்லை. ஆனால் கம்பை மறுக்கவும் இல்லை. இறைச்சி தினமும் வாங்க இயலாத வீட்டில் தானியத்தின் ஒவ்வொரு மில்லிகிராமும் கணக்கில் வரும்.

நிலம் அடுத்த கேள்வி. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினர் வசமிருப்பது ஏறத்தாழ 9 விழுக்காடு. மக்கள்தொகையிலோ அவர்கள் 16 விழுக்காட்டுக்கும் மேல். தமிழ்நாட்டில் 1892 ஆணைக்குப் பின் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களின் பெரும்பகுதி பிறர் கைகளில் கிடக்கிறது. களையெடுக்கும் பெண்ணிடம் எந்த இரகத்தை விதைப்பது என்று நிலவுடைமையாளர் கேட்பதில்லை. இரும்பு மிகுந்த கம்பு கண்ணுக்கும் வேறுபட்டுத் தெரியாது. வியாபாரி அதைச் சாதாரணக் கம்போடு கொட்டிவிடுவார், கூடுதல் விலையும் கிடைக்காது. கம்பு மாவு சில நாள்களிலேயே கசந்துவிடும் என்பதால் அடிக்கடி புடைத்து, இடித்து, அரைக்கும் வேலையும் பெண்கள் தலையிலேயே விழும்.

இவற்றுக்கு வழி இல்லாமலில்லை. நீலகிரி, தருமபுரி மாவட்ட நியாய விலைக் கடைகளில் 2023 முதல் அரிசியின் ஒரு பகுதிக்கு மாற்றாகக் கேழ்வரகு வழங்கப்படுகிறது. அதே முறையில் செறிவூட்டிய கம்பையும் அரசு தனி விலையில் கொள்முதல் செய்து, மாவாக்கி, அங்கன்வாடிகளுக்கும் சத்துணவுக் கூடங்களுக்கும் முட்டையோடு சேர்த்து வழங்கலாம். மீட்கப்படும் பஞ்சமி நிலங்களில் பயிரிடும் பெண்கள் குழுக்களிடம் அக்கொள்முதலைத் தொடங்கலாம். விதையை வேளாண்மைத் துறை இலவசமாகவும், ஒட்டு அல்லாத இரகமாகவும் தர வேண்டும்.